கஞ்சமலை இரும்பும் ஒரு வேலை உத்தரவும்

எங்கள் நொய்யல் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த உலையும் வெளிப்பட்டன. எம்.ஏ. வகுப்பில் அதைக் கேட்டுப் பூரித்துப்போனேன். உலையை ஊதியவன் எந்தத் தெருவில் குடியிருந்தான் என்று வாத்தியார் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு எஃகு என்றால் என் மாமன்தான். அம்மாவின் அண்ணன். சேலம் உருக்காலையில் நிரந்தர வேலைக்குப் போனவர்.

அந்த ஆலை சும்மா வரவில்லை. 1967ல் ஆட்சிக்கு வந்த அண்ணா, சேலம் உருக்காலையும் தூத்துக்குடித் துறைமுகமும் கேட்டு எழுச்சி நாள் நடத்தினார். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்புக் கல்லை வெட்டி உருக்குவதுதான் கனவு. நடந்ததோ வேறு. 1981ல் ஓடத் தொடங்கியது குளிர் உருட்டாலை மட்டும்தான். வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் சுருளைப் பிரித்து, அமிலத்தில் கழுவி, உருளைகளுக்கு நடுவே அழுத்தி மெல்லிய தகடாக்கினார்கள். 1995ல் சூடாக உருட்டும் ஆலை சேர்ந்தது. அதற்கும் கட்டி வெளியிலிருந்துதான். சொந்தமாக உருக்கும் உலை 2010ல்தான் வந்தது. அதுவும் பழைய இரும்பையும் குரோமியக் கலவையையும் மின்சாரத்தில் உருக்குகிற உலை. கஞ்சமலை அப்படியே நிற்கிறது. மேடையில் இரும்பைப் பற்றிப் பேசியவர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆனால் நம் ஆட்களுக்கு அங்கே கிடைத்தது இரும்பைவிடப் பெரிசு. மத்திய அரசு ஆலை என்பதால் இடஒதுக்கீடு இருந்தது. மாமனுக்கு வேலை உத்தரவு கவரில் வந்தது. பேர் போட்டு, சம்பள விகிதம் போட்டு, முத்திரை குத்தி. யார் தோட்டத்து வாசலிலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாங்கியதல்ல அது.

லீவில் ஊருக்கு வந்தால் மாமன் டீக்கடைக்குப் போகமாட்டார். அங்கே அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எங்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். குடித்துக் கழுவி வைக்கணும். "நானு உருட்டற தகட்டுல ஆன டம்ளரு கண்ணு. அத நானு தொட்டாத் தீட்டாமா" என்று சிரிப்பார். சிரிப்பா அது?

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடியாகப் போய்ப் பிறகு டைலரானவள். 1984ல் பஞ்சப்படி கேட்டு நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தில் அவளும் இருந்தாள். அதற்கப்புறம் முதலாளிகள் வேலையைத் துண்டு துண்டாக்கிக் காண்ட்ராக்டரிடம் பிரித்துவிட்டார்கள். பீஸ் ரேட். சனிக்கிழமைச் சம்பளம். முப்பது வருசம் தைத்தவளிடம் கம்பெனி பேர் போட்ட ஒரு சீட்டு கிடையாது. பி.எஃப். எண்ணும் இல்லை. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு பேச்சே இல்லை. காண்ட்ராக்டர் தன் சாதிக்காரனைத்தான் சூப்பர்வைசராக வைப்பான். அதுவும் ஒரு ஒதுக்கீடுதான், பேர்தான் வேற.

2019 ஜூலையில் சேலம் ஆலையை விலைக்கு வாங்க வாங்கிக்கொள்கிறவர்கள் வரலாம் என்று செயில் அழைப்பு விட்டது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாசலில் உட்கார்ந்தார்கள். நட்டக் கணக்கை எல்லாப் பத்திரிகையும் போட்டது. விற்றால் இடஒதுக்கீடு என்ன ஆகும் என்ற கேள்வியை நான் படித்த பத்திரிகைகளில் காணோம்.

மாமன் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த உத்தரவை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு அவர் மகனைத் திருப்பூரில் பார்த்தேன். பவர் டேபிளில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு ஒன்றரை ஷிப்ட்.