பாயில் உட்கார்ந்த வாத்தியார்

"படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்" என்பார்கள். 34 வருடம் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த நானும் அதை வெகுகாலம் நம்பியவன்தான்.

ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்துக் கற்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தது. அதைத் தழுவி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்நின்று நடத்தினார். 2007-ல் அது மாநிலம் முழுக்கப் பரவி, எங்கள் பள்ளிக்கும் வந்தது.

நாற்காலி ஓரத்துக்குப் போனது. பிள்ளைகளோடு ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தன் படியைப் பார்த்து, தானே அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். "வாத்தியார் பாடமே நடத்துறதில்ல, பிள்ளைங்க சீட்டு விளையாடுதுங்க" என்று ஊரில் பேச்சு. எனக்கும் எரிச்சல்தான்.

எங்கள் பக்கம் தை பிறந்தால் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். அப்படிப் போன ஒரு பையன் ஜூனில் திரும்பி வந்தான். யாரையும் கேட்கவில்லை. ஏணியில் தான் விட்ட படியைத் தேடினான், அட்டையை எடுத்தான், உட்கார்ந்துவிட்டான். ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுத்தான் போனான்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஆசிரியர் எல்லாக் குழுவையும் கவனிக்க முடியாது. கிழிந்த அட்டைக்கு மாற்று வராது. பார்வைக்கு அதிகாரி வரும் நாளில், வாசிக்கத் தடுமாறிய பிள்ளைக்கும் அடைவு அட்டவணையில் 'டிக்' போட்டேன். அந்தத் தவறு என்னுடையது. அட்டவணையில் ஏறிய தேர்ச்சி எல்லாம் பிள்ளை மனதில் ஏறியதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அந்தப் பையனைப் பார்த்த அன்று எனக்கு 1986 ஞாபகம் வந்தது. அதே போலச் சூளையிலிருந்து திரும்பிய ஒரு சிறுமி. வகுப்பு பத்துப் பாடம் தாண்டியிருந்தது. "பின்னால போய் உட்காரும்மா" என்றேன். ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வரவில்லை. படிக்காத பிள்ளை என்று அன்று எழுதி முடித்துவிட்டேன். அவள் விட்ட இடம் எது என்று நான் கேட்கவே இல்லை.