ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டம் வாங்கப் போகிறீர்களா? கம்பம் பள்ளத்தாக்கில் கவனிக்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் 'ஆத்தோரத் தோட்டம்' என்று சொன்னாலே விலை ஏறிவிடும். லோயர்கேம்ப் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக முல்லைப் பெரியாறு ஓடுகிறது. இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆற்றை ஒட்டிய நிலம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள், அந்த விலைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

எல்லை எங்கே முடிகிறது?

ஆறும் அதன் கரையும் அரசுப் புறம்போக்கு. பட்டா நிலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். வேலி ஆறு வரை போயிருக்கலாம், பந்தல் கல்தூண்களும் மோட்டார் அறையும் கரையிலேயே இருக்கலாம். "முப்பது வருஷமா நாங்கதான் பாடுபடுறோம்" என்று விற்பவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதனால் அந்த இடம் அவருடையது ஆகிவிடாது. அவருக்கு இல்லாததை உங்களுக்கு எழுதித் தரவும் முடியாது. ஆக்கிரமிப்பு அகற்றும்போது தூணும் கம்பியும் போட்ட செலவு உங்கள் தலையில்தான் விழும்.

எனவே பட்டா, சிட்டாவோடு நிறுத்தாமல் அ-பதிவேடு, புலப்படம் இரண்டையும் எடுங்கள். அ-பதிவேட்டில் உங்கள் புல எண்ணை மட்டும் பார்க்காமல், ஆற்றுப் பக்கம் ஒட்டியிருக்கும் எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். பிறகு தாலுகா அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அரசு நில அளவரை வைத்து அளந்து கல் ஊன்றச் சொல்லுங்கள். ஆற்றோரத்தில் பழைய எல்லைக்கற்கள் வெள்ளத்தில் போயிருப்பது உண்டு என்பதால் கண்ணளவு இங்கே உதவாது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது சுமார் 2.47 சென்ட்.

வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். வாய்மொழிக் குத்தகையும் பதிவு செய்யாத ஒத்தியும் அதில் வராது. தோட்டத்தை வேறொருவர் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தால், 1955-ம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆறு பக்கத்தில், தண்ணீர் யாருக்கு?

நிலம் கரையில் இருப்பதால் மட்டும் ஆற்றில் மோட்டார் வைத்து இறைத்துவிட முடியாது. அதற்கு நீர்வளத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இருப்பதாகச் சொன்னால் உத்தரவு நகலைக் கேளுங்கள். நிலம் வாய்க்கால் ஆயக்கட்டில் இருக்கிறதா, எந்த மடை, முறை எப்படி என்பது அடுத்த கேள்வி. கிணறு இருந்தால் அது பட்டா நிலத்துக்குள் இருக்கிறதா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுக் கிணறு என்றால் உங்கள் பங்கையும், மோட்டார் ஓட்டும் முறை நாட்களையும் கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். இதை வாய்ப்பேச்சோடு விட்டு, பின்னால் அண்ணன் தம்பிகளே கோர்ட்டுக்குப் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

திராட்சைக்கு ஈரக்கால் ஆகாது

பலரும் மறப்பது இதைத்தான். திராட்சைக்கு வடிகால் உள்ள மண் வேண்டும். வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்துகிறோம். பக்கத்து நஞ்சையில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டியிருந்தால், நீங்கள் நிறுத்தினாலும் கசிவு நிற்காது. ஈரம் தங்கும் பள்ளத்தில் அடிச்சாம்பல் நோயும் எளிதில் வரும், மருந்துச் செலவு கூடும்.

கோடையில் ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் போகத்துக்குத் தண்ணீர் ஓடும்போது ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தோட்டத்தில் மூன்று நான்கு இடங்களில் நான்கடிக் குழி எடுத்து, மறுநாள் காலையில் ஊற்று நிற்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை விற்பவரைவிடப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர் சரியாகச் சொல்வார். எங்கள் கருத்தில், ஆற்றிலிருந்து நான்கு வயல் தள்ளி, சற்று மேடாக, நல்ல கிணறோடு இருக்கும் நிலமே திராட்சைக்கு மேல். பெரும்பாலும் விலையும் குறைவாக இருக்கும்.

காய்ப்பில் இருக்கும் தோட்டமானால் கொடியின் வயது, கல்தூண், கம்பி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் விலையில் சேர்த்தியா என்று கேளுங்கள். நிற்கும் காய்க்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும். 'ஒயின் ஆலைக்காரர்கள் தோட்டத்துக்கே வந்து எடுப்பார்கள்' என்ற பேச்சை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்துவையுங்கள். அளவை முடியும்வரை பெருந்தொகை கொடுக்க வேண்டாம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதில் விலையை மொத்தத் தோட்டத்துக்கு என்று போடாமல், அளந்து வரும் பட்டா நிலத்தில் சென்டுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள்.