தாத்தாவின் பெயர் இல்லாத பட்டியல்கள்



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்ப வரலாறு பற்றிய பகுதி ஒன்று உண்டு. மாணவர்கள் தங்கள் குடும்ப வழிமரபைப் படமாக வரைந்து வருவார்கள். அப்பகுதியை நடத்திய நாளில் மாணவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டான். "பால்மரம் வெட்டினார்" என்றேன். சற்றுத் தயங்கி, "போர்வீரராகவும் இருந்தார்" என்று சேர்த்துக்கொண்டேன். "எந்தப் பட்டாளம், டீச்சர்? படம் இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வி வந்தது. என்னிடம் படமும் இல்லை. ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

என் தாத்தா தங்காக்கை அடுத்த இரப்பர்த் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர். ஜப்பானியர் ஆட்சியில், 1943-ஆம் ஆண்டின் இறுதியில், கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவையும் பாட்டியையும் லயத்தில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். 1946-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றதாகச் சொன்னார். தோட்டத்தில் பலர் அதை நம்பவில்லை. "சயாம் ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு பட்டாளம் என்கிறார்" என்றனர் சிலர். "பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனவர்" என்றனர் வேறு சிலர். அந்தப் பேச்சைக் கேட்டே என் அப்பா வளர்ந்தார். இன்று எண்பது வயதைக் கடந்துவிட்ட அவருக்கு அந்த வடு இன்னும் ஆறவில்லை. அதனால் இந்தத் தேடல் எனக்கு வெறும் பாட ஆயத்தமாக இருக்கவில்லை.

காலப் பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்க் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பலரைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் தலைமையில் உருவான முதல் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டு டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபின் படை புத்துயிர் பெற்றது. அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. இந்தக் கட்டத்தில்தான் துப்பாக்கியையே தொட்டறியாத தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். மலாயாவிலிருந்து சேர்ந்த பொதுமக்களில் தமிழரே மிகுதி. அதே காலத்தில் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிலும் தமிழரே பெரும்பான்மையினர். தாத்தா சென்றது இவ்விரண்டு வழிகளில் எது என்பதே எங்கள் குடும்பத்தின் கேள்வி.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடினேன். எங்கள் வட்டாரத்திற்கு நெருக்கமான பெயர்கள் அதில் உள்ளன. 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் போரிட்டுச் சிதைந்தது 45-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. அதன் வீரர்களில் பெரும்பாலோர் பயிற்சி முடியாத இளைஞர்கள். ஜனவரி 22-இல் பாரிட் சூலோங்கில் கைவிடப்பட்ட காயமுற்றோருள் ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் படுகொலை செய்யப்பட்டனர். உடல் கிடைக்காத வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆயினும் நான் தேடிய இடம் தவறானது என்பதை விரைவிலேயே உணர்ந்தேன். அப்பட்டியல் பேரரசின் படைகளில் பணியாற்றி உயிர்நீத்தோருக்கு உரியது. பேரரசை எதிர்த்த படையில் சேர்ந்து, உயிரோடும் திரும்பிய ஒருவர் அதில் எப்படி இருப்பார்?

அடுத்து, புதுடில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பக்கம் திரும்பினேன். இந்திய தேசிய இராணுவம் தொடர்பான 990 கோப்புகளை இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 1997-இல் அங்கு ஒப்படைத்தது. காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே தேட முடிகிறது. பள்ளி விடுமுறை முழுதும் இரவு நேரங்களில் அதன்முன் அமர்ந்தேன். தாத்தாவின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பது மெல்ல விளங்கியது.

போருக்குப்பின் பிரிட்டிஷ் உளவுத்துறை, முன்பு தன் படையில் இருந்து பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைப்படுத்தியது. மன்னருக்கு அளித்த உறுதிமொழியை அவர்கள் மீறினார்கள் என்பதே குற்றச்சாட்டு. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. எங்கள் தாத்தாவோ மன்னருக்கு எந்த உறுதிமொழியும் அளித்தவர் அல்லர். அவர் மரம் வெட்டும் தொழிலாளி. அவரைப் போன்றோரைப் பெரும்பாலும் தோட்டங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்மீது குற்றம் சாட்டும் தேவை எவருக்கும் எழவில்லை. எனவே அவருக்கென்று கோப்பும் எழவில்லை.

இந்தியாவில் 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. சிறையிலோ முகாமிலோ இருந்ததற்குச் சான்று இல்லாதோர், உடனிருந்தவர்களிடம் சான்றிதழ் பெற்று விண்ணப்பித்தனர். தமிழகம் திரும்பிய பலருக்கு இவ்வழியில் ஓர் ஆவணம் பிறந்தது. இங்கேயே தங்கிவிட்டவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒருவரைப் பற்றிய பதிவு, அவரை எண்ணிக் கணக்கிடும் தேவை யாருக்கேனும் இருந்தபோதுதான் உண்டாகிறது. சம்பளம் தர, தண்டனை தர, ஓய்வூதியம் தர என்று ஏதேனும் ஒரு தேவை வேண்டும். என் தேடலில் நான் கற்ற முதற்பாடம் இதுவே.

பெயரும் ஊரும்கூடத் தேடலைக் கடினமாக்குகின்றன. 'முத்துசாமி' என்ற பெயரைத் தோட்டத்துக் கிராணி ஒருவிதமாகவும், கப்பல் எழுத்தர் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். தந்தை பெயர் தெரியாவிட்டால் நூறு முத்துசாமிகளில் நம்மவரைப் பிரித்தறிய இயலாது. தங்காக் இன்று தனி மாவட்டம். 2008 வரை அது மூவார் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எனவே பழைய ஆவணங்களில் 'மூவார்' என்றும் தேட வேண்டும் என்பதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

எழுத்து கைவிட்ட இடத்தில் பேச்சு கைகொடுத்தது. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-இல் தொடங்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தை வாழ்ந்து கடந்தவர்களின் நேர்காணல்கள் அங்கு உள்ளன. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தோரின் குரல்களும் அவற்றுள் அடங்கும். அவற்றைக் கேட்கக் கேட்க, சிறுவயதில் தாத்தாவிடம் கேட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

தாத்தாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "தாயே(ன்) முட்! பீச்சே முட்!" என்று கட்டளையிடுவார். நாங்கள் அதை ஏதோ விளையாட்டுச் சொல் என்று எண்ணிச் சிரிப்போம். 'வலப்பக்கம் திரும்பு, பின்பக்கம் திரும்பு' என்பதே அதன் பொருள். இந்திய தேசிய இராணுவத்தின் கட்டளை மொழி இந்துஸ்தானி.

இன்னொன்றும் உண்டு. "லோகநாதன் ஐயா இருக்கச் சொன்னார், இருந்தோம், துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னார், வைத்தோம்" என்று தாத்தா அடிக்கடி கூறுவார். லோகநாதன் என்பவர் தோட்டத்துக் கிராணி என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வரலாற்று நூல்களைப் படித்தபோதுதான் அவர் யாரென அறிந்தேன். 1945 ஏப்ரல் 24-இல் நேதாஜி இரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, நகரில் கொள்ளையும் கலவரமும் நேராமல் காக்க ஏறத்தாழ 6,000 வீரர்கள் அங்கேயே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கி, மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை நகருக்குள் வந்ததும் சரணடைந்தவர் மேஜர் ஜெனரல் ஏ.டி.லோகநாதன். அப்பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன்.

இது சட்டப்படியான சான்று ஆகாது என்பதை அறிவேன். அந்தப் பெயரைத் தாத்தா வேறெவரிடமும் கேட்டிருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். ஆயினும் அப்பாவிடம் அப்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் அவர் ஓடிப்போகவில்லை, இருக்கச் சொன்ன இடத்தில் இருந்திருக்கிறார்" என்றார். சற்று நேரம் கழித்து, "உன் பாட்டியும் இருக்கச் சொன்ன இடத்தில்தான் இருந்தாள்" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. மூன்றாண்டுகள் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளையைக் காப்பாற்றிய பாட்டியைப் பற்றித் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! தாத்தாவுக்காகத் தேட எத்தனையோ காப்பகங்கள் இருந்தன. பாட்டிக்காகத் தேட அப்பாவின் நினைவைத் தவிர வேறு காப்பகம் இல்லை. சயாம் சென்று திரும்பாத எத்தனையோ பேருக்கும் நிலை இதுவே.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வீட்டில் முதியவர் இருந்தால் அவரிடம் முழுப்பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பழைய பெயர், தமிழக ஊர், புறப்பட்ட ஆண்டு, திரும்பிய ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பொருள் விளங்காத சொல்லையும் அறிமுகமில்லாத பெயரையும் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்; உண்மையின் தடயம் அங்கேதான் இருக்கக்கூடும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் உயிர்நீத்தவரானால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவரானால் டில்லிக் காப்பகத்தையும் சிங்கப்பூர் வாய்மொழிப் பதிவுகளையும் நாடுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக முதியவரின் சொல்லைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள்.

அந்த மாணவனுக்கு மறுவாரம் விடை சொன்னேன். வகுப்பை வரிசையில் நிறுத்தி, தாத்தாவின் குரலில் "தாயே(ன்) முட்!" என்றேன். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் திரும்பிச் சிரித்தார்கள், நாங்கள் அன்று சிரித்தது போலவே. பிறகுதான் அதன் கதையைச் சொன்னேன்.