டி-ஷர்ட்டுக்கு அப்பால் ஒரு கியூபா

சே குவேரா டி-ஷர்ட் இல்லாத என்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் உண்டா மக்களே? அந்தப் படத்தை எடுத்தவர் அல்பெர்த்தோ கோர்டா. 1960 மார்ச் 4ல ஹவானா துறைமுகத்துல 'லா கூப்ர்'ங்கிற கப்பல் வெடிச்சுது. மறுநாள் அஞ்சலிக் கூட்டத்துல சே சில நொடிகள்தான் மேடையில முன்னால வந்து நின்னார். கோர்டா ரெண்டே ரெண்டு க்ளிக். அவரோட பத்திரிகை 'ரெவொலுசியோன்' அப்போ அதைப் போடலை! 1967ல சே கொல்லப்பட்ட பிறகுதான் உலகம் பூரா பரவிச்சு. கோர்டாவுக்கு ராயல்டி பூஜ்யம்.

கியூபப் புகைப்படம்னா நம்மாளுங்க பேச்சு இதோட முடிஞ்சுடும். எனக்கென்னவோ கோர்டா ஸ்டூடியோவுல உதவியாளரா இருந்த ஹோசே ஃபிகெரோவாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். குரு பார்த்தது மேடையை. சிஷ்யர் பார்த்தது பெட்டி கட்டினவங்களை. 1967ல ஆரம்பிச்சு 1994 வரைக்கும், நாட்டை விட்டுப் போன சொந்தக்காரங்களையும் நண்பர்களையும் 'எக்ஸிலியோ'ங்கிற வரிசைக்காகப் படமெடுத்தார். 27 வருஷம்! அவர் மட்டும் போகலை. போறவங்களுக்கு அங்கே அப்போ 'குசானோ'ன்னு பட்டம், அதாவது புழு. அப்படித் திட்டு வாங்கினவங்களை, உள்ளூர்லயே இருந்துக்கிட்டு, மனுஷ முகத்தோட பதிஞ்சு வெச்சது லேசுப்பட்ட காரியமா என்ன?

சரி, போனவங்க என்ன எடுத்தாங்க?

மரியா மக்தலேனா காம்போஸ்-போன்ஸ் மத்தான்சாஸ்காரர். புரட்சி ஜெயிச்ச 1959லயே பிறந்தவர். தொண்ணூறுகளோட தொடக்கத்துல பாஸ்டன்ல குடியேறினார். 20க்கு 24 அங்குல போலராய்டுகளை அடுக்கி ஒரே உருவமாக்குவார். 'ரீப்ளெனிஷிங்'னு ஒண்ணு: ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மகள், நடுவுல ரெண்டு பேரையும் இணைக்கிற பாசிமணிச் சரம். ஒவ்வொருத்தர் உடம்பும் துண்டு துண்டா தனித்தனிப் படத்துல இருக்கும். தூரத்தைச் சொல்ல வேற எதுவும் தேவைப்படலை.

ஆபேலார்டோ மொரெல் 1962ல, பதின்ம வயசுல குடும்பத்தோட கிளம்பினவர். அவர் டெக்னிக் நம்ம பள்ளிக்கூட ஊசித்துளைக் கேமராவேதான், என்ன, ஒரு முழு அறையே கேமரா :-) ஜன்னலை இருட்டடிச்சு சின்னத் துளை போட்டா, வெளி உலகம் எதிர்ச் சுவர்ல தலைகீழா விழும். நாற்பது வருஷம் கழிச்சு 2002ல திரும்பிப் போய், ஹவானாவைப் பாழடைஞ்ச அறைச் சுவர்ல விழ வெச்சு எடுத்தார். இந்த மாதிரிப் படத்துக்கு மணிக்கணக்குல எக்ஸ்போஷர் வேணும். அவ்வளவு நேரத்துல தெருவுல நடமாடுற ஆளுங்க பதிய மாட்டாங்க. கட்டடம் மட்டும்தான் நிக்கும்.