பேர்சி அங்கிளின் கொடி

இன்று ஒக்டோபர் 30. 2023 இல் இதே நாளில்தான் பேர்சி அபேசேகர காலமானார். 87 வயது. அன்றைக்கு நம்முடைய அணி பூனேயில் ஆப்கானிஸ்தானோடு உலகக் கிண்ணப் போட்டி ஆடியது, ஏழு விக்கெட்டால் தோற்றது. அங்கிள் இருந்திருந்தால் தோற்றதற்கும் கொடியை ஆட்டியிருப்பார்.

நமக்கு அவர் சொந்தமுமில்லை, நம்முடைய பாஷைக்காரருமில்லை. ஆனாலும் கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை எல்லாரும் ஒரேமாதிரி ‘அங்கிள்’ என்று சொன்ன மனிதர் வேறு யாரும் எனக்கு நினைவில் வரவில்லை.

1979 உலகக் கிண்ணக் காலம் தொட்டே அவர் கொடி தூக்கியவர். நமக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லை. முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17 இல், பொரளை சரவணமுத்து மைதானத்தில், அதாவது தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை!

வாப்பா என்னை முதன்முதல் கெத்தாராமவுக்குக் கூட்டிப்போனது 1992 ஓகஸ்டில், அவுஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்டுக்கு. முரளிதரனின் முதல் டெஸ்ட் அதுதான். அது எவ்வளவு பெரிய விஷயமென்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? என் கண்ணில் நிற்பது வேலியோரமாகப் பெரிய கொடியோடு ஓடிய ஒரு மனிதர்தான்.

அந்தக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 ஜனவரியில் கண்டி மன்னரின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெவ்வை. ஒரு முஸ்லிம். பிறகு அமைத்த கொடிக் குழுவில் ஸாஹிராவின் அதிபராக இருந்த டி. பி. ஜாயாவும் இருந்தார். தமிழருக்குச் செம்மஞ்சள், நமக்குப் பச்சை என்று இரண்டு பட்டைகள் சேர்ந்தன. 1951 இல் அதை ஏற்றுக்கொண்டார்கள். குழுவில் உடன்படாதவர் செனட்டர் எஸ். நடேசன் ஒருவர்தான். பட்டைகள் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பது அவருடைய குறை. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் என்னிடம் அதையேதான் கேட்கிறது, “சேர், நாங்க ஏன் ஓரத்தில?” நடேசன் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

யுத்த காலத்தில் அதே கொடிதான் சோதனைச் சாவடியிலும் பறந்தது. 2007 ஏப்ரல் 28 இரவு பார்படோஸில் இறுதிப் போட்டி. வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு டீவி ஓடியது. நடுச்சாமம் தாண்டி ஆட்டத்தின் நடுவிலேயே கரண்ட் போனது, புலிகளின் விமானம் வந்துவிட்டது என்றார்கள். ஆறு கிழமை போகவில்லை, ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300 க்கு மேற்பட்டவர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. என்னோடு படிப்பித்த தமிழ் டீச்சர் ஒருவர் அந்தக் கிழமை முழுக்க ஐ.சி.யைக் கையிலேயே வைத்திருந்தார். இறுதிப் போட்டி இரவு இலங்கைக்காகக் கத்தியவரும் அவர்தான்.

அந்தக் காலத்தில் அந்தக் கொடியைப் பார்த்து எனக்கு நெஞ்சு இடிக்காத ஒரே இடம் மைதானம். அதற்குக் காரணம் அங்கிள். அவர் கொடியை யாருக்கு எதிராகவும் பிடித்ததில்லை. வந்த அணிக்காரரையும் ஆங்கிலத்தில் எதுகையோடு வரவேற்பார், கேலி செய்தாலும் அவர்களே சிரிப்பார்கள். 2015 இல் விராட் கோலி அவரை இந்திய அணியின் அறைக்குள்ளேயே கூப்பிட்டுப் போனார். 2023 செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத்துக்கு வந்த ரோஹித் சர்மா அவருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் அங்கிள் இல்லை.

கெத்தாராமவில் அவரோடு எடுத்த பழைய படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வருஷம் கொடிப் பாடம் வரும்போது வகுப்பில் காட்ட வேண்டும். வாப்பா அன்றைக்குக் கெமரா கொண்டுவரவில்லை.