ஒல்லாந்தர் எழுத்தும் உழைப்பவர் பெயரும்

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில் தேயிலைச் சரிவுகளும் மரக்கறித் தோட்டங்களுமே கண்ணிற் படுகின்றன. அந்த நுவரெலியாவில்தான் 1950களில் ஒல்லாந்தர் ஆட்சியின் ஏடுகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. இன்று அவை கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. கண்டி மன்னரின் கீழிருந்த இம்மலைகளை ஒல்லாந்தர் ஆண்டதில்லை. எனினும், 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது முதல் 1796 இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் இழந்தது வரை, கரையோர மக்களின் காணியையும் வரியையும் உழைப்பையும் அவர்கள் ஏட்டிலேற்றி வைத்தனர். அவ்வேடுகளைப் படிக்க நம்முள் எத்தனை பேரால் முடியும்?

ஆங்கிலம் அறிந்தவர், எழுத்து ஒன்றுதானே, படித்துவிடலாம் என்று எண்ணுவர். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. எழுத்து ஒன்றே; ஒலி வேறு. ஓ, ஈ என ஆங்கிலத்தில் பெயர்பெறும் இரண்டு எழுத்துக்கள் அடுத்தடுத்து நின்றால் ஒல்லாந்தர் அதனை 'ஊ' என்பர். இரண்டு ஈ சேர்ந்தால் ஆங்கிலேயருக்கு 'ஈ', ஒல்லாந்தருக்கோ 'ஏ'. சீனத்தின் பூக்கியன் கரையில் 'தே' என வழங்கிய பானத்தின் பெயரை ஐரோப்பாவிற் பரப்பியவர்கள் ஒல்லாந்த வணிகர்களே. அவர்கள் அதனை இரண்டு ஈ இட்டே எழுதினர். 'தே' என்றே சொல்லினர். நாம் நாள்தோறும் கிள்ளும் தேயிலையின் முதலெழுத்திலும் அந்தச் சீன ஒலியே வாழ்கின்றது.

தமிழ் மாணவனுக்கு இம்மொழி அச்சந் தருவதன்று. குறில், நெடில் அறிந்தவனுக்கு அதன் தலையாய விதி எளிதில் விளங்கும். மெய்யால் மூடிய அசையில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரட்டிப்பர். உயிரில் முடியும் திறந்த அசையில் ஓரெழுத்தே போதும். குறிலைக் காக்க வேண்டுமாயின் அடுத்த மெய்யை இரட்டிப்பர். 'மான்' என்றால் நிலவு. 'மன்' என்றால் ஆண்மகன். பன்மையில் முன்னது ஒற்றை மெய்யோடு 'மானன்' ஆகும். பின்னது இரட்டை மெய்யோடு 'மன்னன்' ஆகும். 'அகம்' என்கையில் நம் தொண்டையில் மெல்ல உரசும் ககரத்தை இன்னும் சற்று அழுத்தினால், ஒல்லாந்தரின் ககர ஒலியும் கைகூடும்.

ஆயினும் பழைய ஏடுகள் இவ்விதிகளுக்கு முற்றும் அடங்குவன அல்ல. நெதர்லாந்தில் அரசு ஏற்ற முதல் எழுத்துமுறை 1804 இலேதான் வந்தது. இத்தீவை அவர்கள் இழந்து எட்டாண்டுகள் கழிந்த பின்னர் அது. எனவே எழுதுவோர் கைக்கேற்ப எழுத்து மாறும். படிப்பவர் கண்ணை மட்டுமன்றிக் காதையும் நம்பவேண்டும்.

நம் முன்னோர் காதையே நம்பினர். ஒல்லாந்தரின் அலுவலகம் நமக்குக் 'கந்தோர்' ஆயிற்று. பத்திரம் முடிப்பவர் 'நொத்தாரிசு' ஆனார். மேசையின் இழுப்பறை 'லாச்சி' ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் நாம் டகரமாகக் கேட்கும் ஒலியை, ஒல்லாந்தர் நாவில் 'கந்தோர்' என்று தகரமாகவே கேட்டனர். எழுத்தைக் கண்டு பெற்ற சொற்கள் அல்ல இவை. வாசலில் நின்று காதாற் கேட்ட சொற்கள்.

அந்தக் கந்தோர்களில் எழுதப்பட்டது என்ன? தோம்புகளில் நிலமும் உடையவரும் பதிவாயினர். ஊழியம் என்னும் கட்டாய வேலைக்கு உரியோரும் பதிவாயினர். 1707 இல் யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாசு ஈசாக்சு தேசவழமையைத் தொகுத்து முடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்த்து ஒப்புதல் தந்தனர். அடிமைகள் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் அந்த அடிமைகளிடம் எவர் ஒப்புதல் கேட்டார்? உடைமையாளரின் சொல் சட்டமாயிற்று. உழைத்தவரோ ஏட்டில் ஒரு பெயராக மட்டும் எஞ்சினர். அந்தப் பெயரையும் நாம் பிழையாகப் படித்தால் அவர்களை இரண்டாம் முறையும் இழப்போம். 'முத்து' என்பதை ஒல்லாந்த முறையில் எழுதி ஆங்கிலக் கண்ணாற் படித்தால் 'மொயெட்டொ' ஆகிவிடும். அப்படி ஒருவர் இத்தீவில் என்றும் வாழ்ந்ததில்லை. நம்மவரான வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்த மூலங்களைக் கற்று, இலங்கையில் அவர்தம் ஆதிக்கம் பற்றிய நூலை 1958 இல் வெளியிட்டார். அந்த வழியிற் செல்வோர் இன்னும் சிலரே.

பெயரை எழுதுபவன் கையில் அதிகாரம் இருக்கிறது. இந்தோனேசியர் இதனை நன்கு உணர்ந்தனர். புதிய குடியரசு 1947 இல் 'ஊ' என்னும் ஒலிக்குரிய அந்த ஒல்லாந்த இரட்டையெழுத்தை நீக்கி ஓரெழுத்தை வைத்தது. ஆயினும் தலைவர் சுகர்ணோவே தம் கையொப்பத்தைப் பழைய முறையில்தான் இட்டுவந்தார். பள்ளியிற் பழகிய கை எளிதில் மாறுவதில்லை.

இது எங்கோ நடந்த கதையன்று. என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாயின் பத்திரங்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் முத்தம்மா, மற்றொன்றில் முட்டம்மா. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தினூடே சென்று தமிழுக்கு மீண்டபோது தகரம் டகரமாகிவிட்டது. இருவரும் ஒருவரே என நிறுவ அந்தத் தாய் எத்தனை நாட் கூலியை இழந்தாளோ! 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மூதாதையரின் பிறப்பை இத்தீவில் நிறுவுமாறு கேட்டபோது, ஏட்டில் இடம்பெறாத இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றோர் ஆயினர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. ஓர் ஏடு மனிதனை என்ன செய்யும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆதலின், ஒல்லாந்த எழுத்திலக்கணம் அறிஞரின் ஓய்வுநேர அலங்காரம் அன்று. ஊழியம் செய்தவர்களின் பெயரை அவர்கள் அழைக்கப்பட்டபடியே மீட்டுத் தரும் கருவி அது. நம் பிள்ளைகளுள் ஒரு சிலரேனும் அதனைக் கற்கட்டும். அதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரையும் தாயின் பெயரையும் மும்மொழியிலும் பிழையற எழுதப் பழகட்டும். பத்திரத்தில் ஒப்பமிடுமுன் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுமாறு கேட்கும் துணிவும் அதனோடு வளரட்டும்.