விதையோடு கைப்பக்குவமும்: செடி வளர்ப்பைக் கற்பித்த தொண்டர்களின் வரலாறு



யூபிலி மலர் என்றால் ஆலயத்தின் அடிக்கல், கோபுரம், மணி, பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவை இடம்பெறுவது முறை. அவற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் வேறொரு வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். செடி வளர்க்கத் தெரிந்த சாதாரண மனிதர்கள், கைம்மாறு கருதாமல், தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வரலாறு அது. ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து வேலைக்குப் போகும் நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்வதற்கு முன், என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, திருவிழாவையொட்டி வீட்டுக்கு ஒரு முருங்கைப் போத்தும், ஒரு பப்பாளிக் கன்றும், கொஞ்சம் காய்கறி விதையும் கொடுத்தோம். மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் சிறப்பாகவே நடந்தன. அடுத்த ஆண்டு வீடு மந்திரிக்கச் சென்றபோது ஒவ்வொரு வாசலிலும் தேடிப் பார்த்தேன். பிழைத்திருந்த செடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் முகவாட்டத்தைக் கண்ட ஒரு வயதான தாய் சொன்னார்: “சாமி, கன்னைக் குடுத்தீங்க, கைப்பக்குவத்தைக் குடுக்கலியே! போத்தைத் தலைகீழா நட்டவங்க எல்லாம் இருக்காங்க.” குருமடத்தில் பல ஆண்டுகள் படித்த எனக்கு அந்த ஒரு வார்த்தை புதுப் பாடமாக இருந்தது. பொருளைக் கொடுப்பது ஒன்று, அறிவைக் கொடுப்பது வேறு. அன்றிலிருந்து, எந்த முயற்சி நிலைத்தது, எது வாடிப்போனது, ஏன் என்று தேடிப் படித்து வருகிறேன். அப்படி அறிந்தவற்றைக் கால வரிசையில் சொல்கிறேன்.

முதலில் பிரான்சு நாட்டின் வடபகுதிக்குச் செல்வோம். நம்மைப் போலவே ஆலைகள் நிறைந்த பகுதி அது. 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நிலைமை பற்றிச் சுற்றுமடல் எழுதிய காலம். ஜூல் லெமீர் (1853–1928) என்னும் குரு, 1893-இல் பாராளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1896-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் காய்கறி பயிரிட ஒரு துண்டு நிலம் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். கிராமத்தை விட்டு ஆலைக்கு வந்த மனிதனின் கை மண்ணை மறந்துவிடக் கூடாது, வேலை முடிந்த மாலைப்பொழுதில் தாய் தந்தையரும் பிள்ளைகளும் ஒரே பாத்தியில் கூடி நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே அனுபவசாலியின் பாத்திக்கு அடுத்ததே புதியவனின் பாத்தி. வேலியோரப் பேச்சே வகுப்பாக அமைந்தது. அந்த இயக்கம் பெயர் மாறி இன்றும் அந்நாட்டில் இருக்கிறது.

அடுத்த எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. திருச்சிராப்பள்ளியில் இருந்த அருட்தந்தை நியூட்டன், 1911 முதல் 1917 வரை நம் நாட்டுத் தேனீக்குப் பொருந்தும் அளவில் ஒரு பெட்டியை வடிவமைத்து, கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். மேலைநாட்டுப் பெட்டி பெரியது, நம் தேனீயோ சிறியது. அதைக் கவனித்துப் பார்த்து அவர் செய்த பெட்டிதான் இன்றும் ‘நியூட்டன் பெட்டி’ என்று வழங்குகிறது. தோட்டத்தில் பூத்த பூ காயாவதற்குத் தேனீ வேண்டும் என்பதால் இதுவும் தோட்டக் கல்வியே. அவர் காலம் முடிந்த பிறகும் பெட்டி நிலைத்ததற்குக் காரணம், அதை எப்படிச் செய்வது, எப்படிக் கையாள்வது என்பதையும் அவர் சேர்த்துக் கற்பித்ததுதான்.

இனி அரசாங்கத்தின் முயற்சியைப் பார்ப்போம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. ‘அதிக உணவு உற்பத்தி செய்வோம்’ என்னும் இயக்கம் அப்போது தொடங்கியது. விதை, உரம், கிணறு வெட்டக் கடன் எனப் பலவும் மக்களுக்குக் கிடைத்தன. சுதந்திரத்திற்குப் பிறகு, வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் அமைந்த குழு அந்த இயக்கத்தை ஆராய்ந்து 1952-இல் அறிக்கை தந்தது. துண்டுதுண்டாகப் பொருளைக் கொடுத்ததால் நிலையான மாற்றம் வரவில்லை, கிராம வாழ்வு முழுவதையும் கருத்தில் கொண்டு மக்களோடு நின்று வழிகாட்டும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமூக நலத் திட்டம் தொடங்கியது. ‘கிராம சேவக்’ என்று நம் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பவர்கள் அந்த ஏற்பாட்டில் வந்தவர்களே. நான் ஒரு திருவிழாவில் செய்த தவறை ஒரு தேசமே பத்து ஆண்டுகள் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டது என்று அறிந்தபோது, எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது!

1965-இல் மீண்டும் உணவுத் தட்டுப்பாடு. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். கேட்டதோடு நில்லாமல், தம் அரசு இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். சொல்வதைத் தானே செய்து காட்டுவது தோட்டக்கல்வியின் முதல் இலக்கணம் அல்லவா?

இப்போது நம் வரலாற்றின் மையமான இடத்திற்கு வருகிறோம். புனித சாமிநாதர் சபைத் துறவியான தொமினிக் பீர் அடிகளார் பெல்ஜியம் நாட்டவர். இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த அகதிகளுக்கு ஆற்றிய தொண்டிற்காக 1958-ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் பின்னர் ‘அமைதித் தீவு’ என்னும் அமைப்பை நிறுவினார். ஒரு வட்டாரத்துக்குச் சென்று, மக்கள் தங்கள் காலிலேயே நிற்கக் கற்கும்வரை உடன் உழைத்து, பிறகு விலகிக்கொள்வது அதன் வழி. 1962-இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலும், அதன்பின் திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டிலும் அந்தப் பணி நடந்தது. அடிகளார் 1969 ஜனவரியில் இறையடி சேர்ந்தார்.

களக்காட்டுப் பணியில் வேளாண் வல்லுநராகச் சேர்ந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைத்த ஒரு தமிழரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அவர்தான் கோ. நம்மாழ்வார். 1938-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்த அரசு வேலையை 1969-இல் விட்டு வெளியேறினார். வானம் பார்த்த பூமியில் பயிரிடும் ஏழை உழவனுக்கு, விலை கொடுத்து வாங்கும் விதையும் உரமும் எட்டாக்கனி என்று கண்டதே காரணம். விவசாயிக்கு வேண்டியவை பெரும்பாலும் அவன் நிலத்திலேயே கிடைக்க வேண்டும் என்ற தெளிவு களக்காட்டில்தான் அவருக்குப் பிறந்தது. பிறகு ஊர் ஊராக நடந்து கற்பித்தார். 2004-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்து வயல்களை உப்பாக்கியபோது, அந்த மண்ணை மீட்கும் பணியில் உழவர்களோடு நின்றார். 2009-இல் கரூர் மாவட்டம் கடவூரில், வறண்ட நிலத்தில் ‘வானகம்’ என்னும் பண்ணையைத் தொடங்கி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். 2013 டிசம்பர் 30-இல் அவர் மறைந்தபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பயிற்சி அதன் பிறகும் தொடர்ந்து நடக்கிறது. காரணம், அவர் செடிகளோடு ஆசிரியர்களையும் வளர்த்துவிட்டுப் போனார்.

அவ்வழியில் நின்ற மற்றொருவர் நெல் ஜெயராமன். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வரும் உழவருக்குப் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ இலவசமாகத் தருவார். ஒரே நிபந்தனை: அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். திருப்பித் தர வேண்டியவன் விதையைச் சமைத்து உண்ண மாட்டான். அக்கறையோடு பயிரிடுவான், சந்தேகம் வந்தால் கேட்பான், விதை எடுக்கும் பக்குவத்தையும் கற்றுக்கொள்வான். இப்படி 150-க்கும் மேற்பட்ட நெல் இரகங்களை மீட்டெடுத்த பின்னரே அவர் 2018 டிசம்பரில் கண்மூடினார்.

கடல் கடந்தும் இதே பாடத்தைக் காண்கிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வீட்டுத் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேளாண் அலுவலர்களுக்கு நேரம் போதவில்லை. 1972-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் ஒரு வழி கண்டார்கள். ஆர்வமுள்ள பொதுமக்களுக்குப் பயிற்சி தருவது, பயிற்சி பெற்றவர் அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட மணி நேரம் ஊராருக்குக் கற்பிப்பது. அத்திட்டம் இன்று அந்நாடு முழுவதும் பரவியுள்ளது. ஆதிரெங்கத்து விதைநெல்லும் அமெரிக்காவின் மணிக்கணக்கும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: பெற்றவன் திருப்பிக் கொடுக்கும் கடமை எங்கே உண்டோ, அங்கே அறிவு நிலைக்கிறது. வாங்கிக்கொண்டு போவதோடு முடிந்தால், அது வாங்கிய கையிலேயே வாடிவிடுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் பெற்றது. அதிலிருந்து உருவான நம் திருவள்ளூர் மாவட்டத்தில் புழல், சோழவரம், 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், கொசஸ்தலை ஆறு, ஆரணி ஆறு என நீர்நிலைகள் பல. திருவள்ளூரை அடுத்த திரூரில் 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான டி.கே.எம். 6 என்னும் நெல்தான், பிலிப்பைன்ஸில் உருவாக்கப்பட்ட புகழ்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லின் பெற்றோரில் ஒன்று. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்தைக் கொடுத்தது நம் மாவட்டத்து நெல். உலகுக்கு விதை கொடுத்த மண் இது!

1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னர் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. ஆலைகள் நம் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் தந்தன, அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த கொல்லைகள் பல, கொட்டகைகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறின. நிலம் போனதைக் கண்ணால் பார்த்தோம். அதோடு இன்னொன்றும் போய்க்கொண்டிருப்பதை நாம் கவனிக்கவில்லை. ஆடிப் பட்டத்தில் எதை விதைப்பது, தைப் பட்டத்தில் எதை ஊன்றுவது, அவரைக்குப் பந்தல் எப்போது கட்டுவது, கத்தரியில் எந்தக் காயை விதைக்கு விடுவது என்று அறிந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. முதியோரின் அடக்கச் சடங்கை நடத்தி, கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுத் திரும்பும்போதெல்லாம், அந்தக் கைகளோடு எத்தனை பக்குவங்கள் மண்ணுக்குள் போயினவோ என்று நினைப்பேன். புத்தகத்தில் எழுதாத அறிவு அது. அடுத்த கைக்கு மாறாவிட்டால் அழிந்தே போகும்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டின் நினைவாக ஒரு வேண்டுகோள். இம்முறை கன்று வழங்கும் மேடை வேண்டாம். செடி வளர்ப்பில் அனுபவமுள்ள பெரியவர்கள், குறிப்பாக நம் தாய்மார்கள், பங்குத்தந்தை இல்லத்தில் பெயர் கொடுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம், ஆலய வளாகத்தின் ஒரு மூலையில், பேச்சைக் குறைத்துக் கையால் செய்து காட்டுங்கள். சமையலறைக் கழிவை எருவாக்குவது, சாக்குப்பையில் தக்காளியும் கத்தரியும் வளர்ப்பது, 25 நாளில் முளைக்கீரை அறுப்பது எனச் சிறியவற்றிலிருந்து தொடங்கலாம். கற்க வருபவர்கள் காசு கொடுக்க வேண்டாம். பெற்ற விதையை இரு மடங்காகத் திருப்பித் தரவும், கற்றதை இரண்டு குடும்பங்களுக்குக் கற்பிக்கவும் வாக்குக் கொடுத்தால் போதும். தீராத ஐயங்களுக்குத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய மின்கலங்களை உடைத்த இடம், வர்ணம் கொட்டிய இடம், ஆலைக்கழிவு ஓடிய இடம் ஆகியவற்றின் மண்ணில் கீரை போடாதீர்கள். ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் மண்ணிலிருந்து கீரையில் ஏறும். இலையில் ஒட்டும் புழுதியும் வயிற்றுக்குள் போகும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அத்தகைய இடத்தில் குடியிருப்பவர்கள் வேறிடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து, பையிலோ தொட்டியிலோ வளர்த்து, கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

கோபுரத்துக்கு வர்ணம் பூசிவிட்டோம், மணியும் புதிதாக ஒலிக்கிறது. அடுத்த யூபிலி வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன், மாற்றலாகிப் போயிருப்பேன். அப்போது வரும் பங்குத்தந்தை வீடு மந்திரிக்க உங்கள் தெருவில் நடக்கையில், வாசலுக்கு வாசல் ஒரு பந்தலைக் காண வேண்டும். “இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?” என்று அவர் கேட்டால், பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தாத்தாவின் பெயரையோ ஒரு பாட்டியின் பெயரையோ சொல்ல வேண்டும். அதுவே என் ஆசை.

– உங்கள் பங்குத்தந்தை